பெருங்குடல் புற்றுநோய்: திசுவில் 4 நொதிகள் இருக்கின்றனவா? சிகிச்சையின் திசையை மாற்றும் ஒரு பரிசோதனை

புனே: பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் இருப்பது உறுதியானதும், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையே நோயாளியும் குடும்பத்தினரும் மருத்துவரிடம் முதலில் கேட்கின்றனர். அதற்கு இணையாகக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. கட்டியின் செல்களில், மரபணுப் பிழைகளைத் திருத்தும் நான்கு நொதிகளும் இருக்கின்றனவா என்பதே அந்தக் கேள்வி. எந்த மருந்து பலன் தரும், எந்த மருந்தால் பயனில்லை, நோயாளியின் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா ஆகிய மூன்றுக்கும் விடை தேடும் வழி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

உலக அளவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் உயிரிழந்தனர். மேலை நாடுகளுடன் ஒப்பிட்டால் இந்தியாவில் இந்நோயின் விகிதம் குறைவு. ஆனால், இங்கு நோய்க்கு ஆளாவோரில் இளம் வயதினர் கணிசமாக உள்ளனர். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 800 நோயாளிகளைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வில், அவர்களின் சராசரி வயது சுமார் 47 எனத் தெரியவந்தது. இளம் வயதில் இந்நோய் வரும்போது அது பரம்பரை வழி வந்ததா என்ற கேள்வி தவிர்க்க முடியாததாகிறது. அதனால் இந்தப் பரிசோதனைக்கு இந்தியாவில் கூடுதல் முக்கியத்துவம் உண்டு.

புனேயில் பாதுகாக்கப்படும் செல்கள்

இந்த நொதிகளின் பணியைப் புரிந்துகொள்ள, மகாராஷ்டிர மாநிலம் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் நல்ல உதாரணமாகும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் இம்மையத்தில், நாட்டின் செல் சேமிப்பகம் உள்ளது. மனிதர்கள், விலங்குகளின் திசுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட செல் வரிசைகள் இங்கு திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பாதுகாக்கப்படுகின்றன. இந்தியாவின் பல ஆய்வகங்களும் கல்லூரிகளும் தங்கள் ஆராய்ச்சிக்கான செல்களை இங்கிருந்தே பெறுகின்றன.

அவற்றுள் எச்சிடி-116, எச்டி-29 ஆகிய இரண்டும் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்கள். இரண்டும் அமெரிக்காவில் நோயாளிகளின் கட்டிகளிலிருந்து உருவாக்கப்பட்டவை. எச்டி-29 செல்கள் 1964-இல் ஒரு பெண்ணின் கட்டியிலிருந்தும், எச்சிடி-116 செல்கள் ஓர் ஆணின் கட்டியிலிருந்தும் பெறப்பட்டன. இரண்டும் ஒரே உறுப்பில் தோன்றிய புற்றுநோய்தான். எனினும் அவற்றிடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. எச்டி-29 செல்களில் பிழை திருத்தும் நொதிகள் முறையாக இயங்குகின்றன. எச்சிடி-116 செல்களிலோ எம்எல்எச்-1 என்ற புரதம் இல்லை. அதனால் அவற்றின் டிஎன்ஏ-வில் பிழைகள் திருத்தப்படாமல் பெருகிக்கொண்டே போகின்றன.

எம்எல்எச்-1 மரபணு மனிதனின் 3-ஆவது குரோமோசோமில் அமைந்துள்ளது. பழுதில்லாத 3-ஆவது குரோமோசோம் ஒன்றை எச்சிடி-116 செல்லுக்குள் செலுத்தினால், பிழை திருத்தும் திறன் மீண்டும் வந்துவிடுவதை 1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிரூபித்தனர். நொதி திரும்பியபின் அதே செல்கள், பெருங்குடல் புற்றுநோய்க்கு நெடுங்காலமாக வழங்கப்படும் 5-ஃபுளோரோயுராசில் என்ற மருந்துக்கு முன்பைவிட நன்கு கட்டுப்பட்டதும் 1999-இல் தெரியவந்தது. ஒரு நொதியின் இருப்பும் இன்மையும் மருந்தின் பலனை மாற்றக்கூடும் என்பதற்கு இது ஆய்வகச் சான்று.

நான்கு நொதிகளின் வேலை என்ன?

ஒரு செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் அதன் டிஎன்ஏ முழுவதும் பிரதி எடுக்கப்பட வேண்டும். மனித மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ளன. இவ்வளவு எழுத்துகளைப் பிரதி எடுக்கும்போது ஆங்காங்கே பிழைகள் நேர்வது இயல்பு. ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்து இடம்பெறலாம். ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் ஒன்று கூடலாம் அல்லது குறையலாம்.

அச்சுக்கூடத்தில் மெய்ப்புத் திருத்துபவரைப் போல, இப்பிழைகளைக் கண்டுபிடித்து நீக்குவது பொருந்தா இணைகளைத் திருத்தும் நொதிகளின் பணி. மருத்துவ அறிக்கைகளில் இவை 'எம்எம்ஆர்' என்று சுருக்கமாகக் குறிப்பிடப்படுகின்றன. இவை இருவர் இருவராக இணைந்தே பணியாற்றுகின்றன. எம்எஸ்எச்-2, எம்எஸ்எச்-6 ஆகிய இணை, டிஎன்ஏ இழையில் பிழையுள்ள இடத்தைக் கண்டறிகிறது. அங்கு வந்து சேரும் எம்எல்எச்-1, பிஎம்எஸ்-2 இணை, பிழையுள்ள இழையில் வெட்டு ஏற்படுத்துகிறது. வெட்டப்பட்ட பகுதி நீக்கப்பட்டு, சரியான எழுத்துகள் மீண்டும் நிரப்பப்படுகின்றன. இந்த ஏற்பாட்டால் பிழைகளின் விகிதம் 100 முதல் 1,000 மடங்கு வரை குறைகிறது. இச்செயல்முறையை விளக்கிய அமெரிக்க விஞ்ஞானி பால் மாட்ரிச்சுக்கு, தாமஸ் லிண்டால், அஸீஸ் சான்ஜார் ஆகியோருடன் 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நான்கில் ஒன்று செயலிழந்தாலும் திருத்தும் பணி பாதிக்கப்படுகிறது. பிழைகள் ஆயிரக்கணக்கில் சேர்கின்றன. செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் பிழை விழும்போது புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு இந்த வகையைச் சேர்ந்தவை. நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் உள்ளோரிடம் இந்த விகிதம் சுமார் 5 விழுக்காடாகக் குறைகிறது.

திசுவில் எப்படிக் கண்டறிகின்றனர்?

இதற்கெனப் புதிதாக அறுவை சிகிச்சையோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை. பயாப்ஸியின்போது அல்லது அறுவை சிகிச்சையின்போது எடுத்த திசு, ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டு பாரஃபின் மெழுகில் பதிக்கப்படுகிறது. 'பிளாக்' என்று மருத்துவமனைகளில் அழைக்கப்படும் இந்த மெழுகுக் கட்டியிலிருந்து, ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்குக்கும் மிகாத தடிமனில் சீவல்கள் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டப்படுகின்றன.

அடுத்து, நான்கு புரதங்களில் ஒவ்வொன்றையும் தேடிப் பற்றும் எதிர்ப்பொருள்கள் தனித்தனித் தகடுகளில் இடப்படுகின்றன. எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்ட இடத்தைக் கண்ணுக்குக் காட்டுவதும் ஒரு நொதிதான். குதிரைமுள்ளங்கி என்ற தாவரத்தின் கிழங்கிலிருந்து பெறப்படும் பெராக்ஸிடேஸ் நொதி, நிறமற்ற வேதிப்பொருளைப் பழுப்பு நிறமாக மாற்றுகிறது. நுண்ணோக்கியில் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரிந்தால் தேடிய புரதம் அங்கு இருக்கிறது. பழுப்பின்றி நீலமாக மட்டும் தெரிந்தால் அந்தப் புரதம் இல்லை. 'இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி' அல்லது 'ஐஎச்சி' என அறிக்கைகளில் குறிப்பிடப்படுவது இந்த முறையே.

பெரும்பாலான புற்றுநோய்ப் பரிசோதனைகள் கட்டியில் அதிகமாக இருக்கும் ஒன்றைத் தேடுகின்றன. இப்பரிசோதனை இருக்க வேண்டிய ஒன்று இல்லாமற்போனதைத் தேடுகிறது. அதனால் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. சாயம் சரியாக ஏறாததாலும் நிறம் தோன்றாமல் போகலாம். இதைப் பிரித்தறிய, கட்டியை ஒட்டியுள்ள இயல்பான குடல் செல்களையும் வெள்ளணுக்களையும் நோயியல் நிபுணர் உடன் பார்க்கிறார். அவை பழுப்பாகவும் கட்டியின் செல்கள் நிறமற்றும் இருந்தால் மட்டுமே நொதி இழப்பு உறுதியாகிறது. இரண்டிலும் நிறம் இல்லையெனில் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

திசுவை உடனடியாக ஃபார்மலினில் இடாமல் தாமதித்தாலும் முடிவு பிழையாகலாம். மலக்குடல் புற்றுநோயில் அறுவை சிகிச்சைக்கு முன்பு கதிர்வீச்சும் கீமோதெரபியும் அளிக்கப்பட்டிருந்தால் எம்எஸ்எச்-6 நிறம் மங்கிப்போவது உண்டு. அத்தகைய நோயாளிகளுக்கு, சிகிச்சைக்கு முன் எடுத்த பயாப்ஸி திசுவிலேயே பரிசோதிப்பது நல்லது.

இணை உடையும்போது

எந்த நொதி இல்லை என்பதும் ஒரு தகவலே. எம்எல்எச்-1 இல்லையெனில் அதன் துணையான பிஎம்எஸ்-2 நிலைத்திருக்க முடியாமல் சிதைந்துவிடும். அதுபோல் எம்எஸ்எச்-2 இல்லையெனில் எம்எஸ்எச்-6-உம் மறையும். ஆனால், பிஎம்எஸ்-2 அல்லது எம்எஸ்எச்-6 இல்லாதபோது அவற்றின் துணைகள் வேறு புரதங்களுடன் இணைந்து நிலைத்துவிடுகின்றன. எனவே பிஎம்எஸ்-2, எம்எஸ்எச்-6 ஆகிய இரண்டை மட்டும் முதலில் சோதித்து, அவற்றில் குறை தெரிந்தால் மற்ற இரண்டையும் சோதிப்பது என்ற சிக்கன முறையும் நடைமுறையில் உள்ளது. வசதி குறைந்த ஆய்வகங்களுக்கு இது உதவுகிறது.

அறிக்கையில் நான்கும் இருப்பதாகக் குறிப்பிட்டால் அது 'பிஎம்எம்ஆர்' கட்டி. ஒன்றோ பலவோ இல்லையெனில் 'டிஎம்எம்ஆர்' கட்டி. டிஎன்ஏ-வில் ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களின் நீளத்தை அளந்து இதே குறைபாட்டைக் கண்டறியும் 'எம்எஸ்ஐ' பரிசோதனையும் உண்டு. அதில் 'எம்எஸ்ஐ-ஹை' என வரும் முடிவு பெரும்பாலும் டிஎம்எம்ஆர் முடிவுடன் ஒத்துப்போகும்.

சிகிச்சையில் என்ன மாற்றம்?

இரண்டாம் கட்டத்தில் உள்ள டிஎம்எம்ஆர் கட்டிகள், அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் வருவது ஒப்பீட்டளவில் குறைவு. இக்கட்டத்தில் 5-ஃபுளோரோயுராசில் வகை மருந்தை மட்டும் அளிப்பதால் இவர்களுக்குப் பலன் இல்லை என்பதை 2003-லும் 2010-லும் வெளியான ஆய்வுகள் காட்டின. நொதிப் பரிசோதனை செய்திருந்தால், பலனில்லாத கீமோதெரபியின் துன்பத்தையும் செலவையும் இவர்கள் தவிர்க்கலாம். மூன்றாம் கட்டத்தில் நிலைமை வேறு. அங்கு ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்த கூட்டு சிகிச்சைக்கு இடமுண்டு.

நோய் பரவிய நிலையில் மாற்றம் இன்னும் பெரிது. பிழைகள் மலிந்த கட்டி, உடலுக்கு அந்நியமான புரதங்களை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. நோயெதிர்ப்பு மண்டலம் அவற்றை அடையாளம் காண முடியும். அதன் செயல்பாட்டுக்குக் கட்டி போட்டுவைத்திருக்கும் தடையை இம்யூனோதெரபி மருந்துகள் விலக்குகின்றன. 2015-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில் பெம்ப்ரோலிஸுமாப் மருந்து அளிக்கப்பட்டபோது, டிஎம்எம்ஆர் வகைப் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 10 பேரில் 4 பேருக்குக் கட்டி சுருங்கியது. நொதிகள் நான்கும் இருந்த 18 பேரில் ஒருவருக்குக்கூடச் சுருங்கவில்லை.

2017 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், எந்த உறுப்பில் தோன்றியது என்பதைப் பாராமல், இந்தக் குறைபாடு உள்ள பரவிய கட்டிகளுக்கு அம்மருந்தை அனுமதித்தது. உறுப்பின் அடிப்படையில் அல்லாமல் திசு அடையாளத்தின் அடிப்படையில் ஒரு புற்றுநோய் மருந்து அனுமதி பெற்றது அதுவே முதல்முறை. பின்னர் 307 நோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்டப் பரிசோதனையில், நோய் முற்றாமல் கட்டுப்பட்டிருந்த இடைநிலைக் காலம் கீமோதெரபியில் 8.2 மாதங்களாகவும் பெம்ப்ரோலிஸுமாபில் 16.5 மாதங்களாகவும் இருந்தது. இதன் அடிப்படையில் 2020-இல் அது முதல்நிலைச் சிகிச்சையாகவும் ஏற்கப்பட்டது.

2022 ஜூன் மாதம் நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு செய்தி இந்தியாவிலும் பரவலாகப் பேசப்பட்டது. டாஸ்டர்லிமாப் மருந்தை ஆறு மாதம் பெற்ற 12 மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கும் கட்டி முழுமையாக மறைந்தது என்பதே அச்செய்தி. அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 2025-இல் வெளியான தொடர் முடிவுகளில், சிகிச்சையை நிறைவு செய்த 49 மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கும் இதே பலன் பதிவானது. சமூக ஊடகங்களில் பரவிய செய்திகள் பலவற்றில் விடுபட்ட தகவல் ஒன்று உண்டு. அவர்கள் அனைவருமே டிஎம்எம்ஆர் வகைக் கட்டி உள்ளவர்கள். மலக்குடல் புற்றுநோயில் இந்த வகை மிகக் குறைவு.

இம்யூனோதெரபி மருந்துகளுக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகிறது. நான்கு நொதிகளும் உள்ள கட்டிக்கு இம்மருந்துகளை மட்டும் தருவதால் பொதுவாகப் பலன் கிடைப்பதில்லை. வீட்டையும் நகையையும் விற்று மருந்து வாங்கும் முடிவுக்கு ஒரு குடும்பம் வருவதற்கு முன், அந்த மருந்துக்கு இடமிருக்கிறதா என்பதைக் கூறக்கூடியது மெழுகுக் கட்டியில் செய்யும் இந்தப் பரிசோதனை.

குடும்பத்துக்கும் ஓர் எச்சரிக்கை

1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நோயியல் நிபுணர் ஆல்ட்ரெட் வார்தினிடம் தையல் தொழில் செய்த பெண் ஒருவர், தமது குடும்பத்தில் பலர் குடல், கருப்பைப் புற்றுநோயால் இறந்ததாகவும் தமக்கும் அதே முடிவு நேரும் எனவும் கூறினார். அவர் அஞ்சியபடியே கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். வார்தின் அக்குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து 1913-இல் வெளியிட்டார். 1960-களில் மருத்துவர் ஹென்றி லிஞ்ச் இத்தகைய குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அவரது பெயராலேயே இது 'லிஞ்ச் நோய்க்குறி' எனப்படுகிறது. அந்தத் தையல்காரரின் குடும்பத்தில் இருந்தது எம்எஸ்எச்-2 மரபணுக் கோளாறு என்பது 2000-ஆம் ஆண்டில்தான் உறுதியானது.

பெருங்குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 3 விழுக்காட்டினருக்கு லிஞ்ச் நோய்க்குறி உள்ளது. பெற்றோரில் ஒருவருக்கு இக்கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு. மகனுக்கும் மகளுக்கும் இது சமமாகவே பொருந்தும். பெண்களுக்குக் கருப்பை, சினைப்பைப் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது.

எனினும் நொதி இல்லை என்ற முடிவு வந்த உடனே பரம்பரை நோய் என்று முடிவு செய்துவிடக் கூடாது. எம்எல்எச்-1 இழப்பில் பெரும்பாலானவை, வயது முதிர்ந்தோரின் கட்டியில் மட்டும் அந்த மரபணு முடக்கப்படுவதால் நேர்பவை. அவை பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. இதைப் பிரித்தறிய அதே திசுவில் 'பிராஃப்' மரபணு மாற்றமும், எம்எல்எச்-1 மரபணுவின் மெத்திலேற்றமும் சோதிக்கப்படுகின்றன. அவை இல்லாதபோதும், எம்எஸ்எச்-2, எம்எஸ்எச்-6 அல்லது பிஎம்எஸ்-2 மட்டும் இழக்கப்பட்டபோதும், மரபணு ஆலோசனைக்குப் பின் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்யப்படுகிறது.

கோளாறு உறுதியானால் நெருங்கிய உறவினர்களையும் சோதிக்கலாம். எம்எல்எச்-1 அல்லது எம்எஸ்எச்-2 கோளாறு உள்ளவர்கள் 20 முதல் 25 வயதுக்குள் தொடங்கி, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி செய்துகொள்ளப் பரிந்துரைக்கப்படுகிறது. புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே குடல் மொட்டுகளை அதில் அகற்றிவிடலாம். லிஞ்ச் நோய்க்குறி உள்ள 861 பேரிடம் பிரிட்டன் பேராசிரியர் ஜான் பர்ன் தலைமையில் நடந்த ஆய்வில், தொடர்ந்து ஆஸ்பிரின் உட்கொண்டவர்களுக்குப் பிற்காலத்தில் பெருங்குடல் புற்றுநோய் வருவது கணிசமாகக் குறைந்தது. மருத்துவர் ஆலோசனையின்றி இதைத் தாமாக உட்கொள்வது ரத்தக்கசிவுக்கு வழிவகுக்கலாம்.

எல்லா நொதிகளும் அடையாளமாவதில்லை

பெருங்குடல் புற்றுநோய்த் திசுவில் ஆராயப்பட்ட நொதிகள் இன்னும் உண்டு. 5-ஃபுளோரோயுராசில் மருந்து தாக்குவது தைமிடிலேட் சிந்தேஸ் என்ற நொதியை. அது திசுவில் கூடுதலாக இருந்தால் மருந்து பலிக்காது என எதிர்பார்க்கப்பட்டது. ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதால் அது வழக்கமான பரிசோதனையாக நிலைபெறவில்லை. அழற்சியுடன் தொடர்புடைய காக்ஸ்-2 நொதி பெரும்பாலான பெருங்குடல் கட்டிகளில் மிகுந்திருப்பது 1990-களிலேயே தெரிந்தும், அதன் அளவைக் கொண்டு சிகிச்சையை முடிவு செய்யும் வழக்கம் ஏற்படவில்லை.

ஒரு நொதி திசுவில் கூடியோ குறைந்தோ காணப்படுவது மட்டும் போதாது. வெவ்வேறு ஆய்வகங்களில் சோதித்தாலும் ஒரே முடிவு வர வேண்டும். அந்த முடிவால் சிகிச்சை மாற வேண்டும். அந்த மாற்றத்தால் நோயாளி பயனடைய வேண்டும். பிழை திருத்தும் நான்கு நொதிகள் இம்மூன்றையும் நிறைவு செய்திருப்பதால்தான், வயது வேறுபாடின்றி எல்லாப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கும் இச்சோதனையைச் செய்யுமாறு சர்வதேச வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

பயாப்ஸி அல்லது அறுவை சிகிச்சை அறிக்கையில் 'எம்எம்ஆர்' அல்லது 'எம்எஸ்ஐ' என்ற பகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் மருத்துவரிடம் கேட்கலாம். கீமோதெரபி தொடங்குவதற்கு முன்பே முடிவு கையில் இருப்பது நல்லது.

சிகிச்சை பெறும் மருத்துவமனையில் இவ்வசதி இல்லாவிட்டாலும் கவலைப்படத் தேவையில்லை. மெழுகுக் கட்டியில் பதித்த திசு சாதாரண வெப்பநிலையிலேயே பல ஆண்டுகள் நிலைத்திருக்கும். நோயாளி அலைய வேண்டியதில்லை. மெழுகுக் கட்டியையோ அதிலிருந்து எடுத்த தகடுகளையோ வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.

குடும்பத்தில் யாருக்கேனும் 50 வயதுக்கு முன் குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும். தாய்வழி, தந்தைவழி இரண்டும் முக்கியம். மலத்தில் ரத்தம், மலம் கழிக்கும் பழக்கத்தில் வாரக்கணக்கில் நீடிக்கும் மாற்றம், காரணம் தெரியாத ரத்தசோகை, எடை குறைவு ஆகியவை இருந்தால், மூலநோய் என்று தாமாக முடிவு செய்து காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுக வேண்டும்.